எஸ்பிஏ காலம் முடிகிறதா? முடியும் என்றால் எப்போது?

கேள்வி இவ்வளவுதான்: "சிங்கிள் பேஜ் அப்ளிகேஷன் முறை இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? ரியாக்டில் இரண்டு வருடம் உழைத்திருக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் தளத்தை இப்போதுதான் எஸ்பிஏவாக மாற்றி எழுதப் போகிறார்கள். இந்த அலை ஓயப் போகிறதா?" சிங்கிள் பேஜ் அப்ளிகேஷன், சுருக்கமாக எஸ்பிஏ, என்பது ஒரே ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டு, மீதியைப் பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்டே வரையும் முறை. அப்படி எழுதப் பலரும் எடுக்கும் லைப்ரரிதான் ரியாக்ட். பார்க்க ஒரே கேள்வி, ஆனால் உள்ளே மூன்று இருக்கின்றன. ஒன்று ஆருடம். இன்னொன்று, கற்றதெல்லாம் வீணாகிவிடுமோ என்ற பயம். மூன்றாவது, அலுவலகத்தில் நடக்கப்போகும் கூட்டத்தில் வாயைத் திறக்கலாமா, பேசாமல் இருந்துவிடலாமா என்பது. அவசரமானது மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

இருபது வருடத்துக்கும் மேலாக வலைத்தளங்கள் கட்டிப் பிழைப்பவன் நான். ஆருடம் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2013 மே மாதம் ரியாக்ட் வெளியானபோது, ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் போல எழுதும் ஜேஎஸ்எக்ஸைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆறு மாதம் தாங்காது என்றேன். அதே சமயத்தில், எஸ்பிஏ எழுத உதவும் இன்னொரு கருவியான ஆங்குலர்ஜேஎஸ் பத்து வருடத்துக்குக் கவலையில்லாமல் ஓடும் என்று ஒரு வாடிக்கையாளரிடம் அடித்துச் சொல்லி, பெரிய வேலை ஒன்றை அதிலேயே எழுதிக் கொடுத்தேன். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் ஒன்று, உள்ளே இருந்தது வேறு சரக்கு. பழையதற்கான ஆதரவும் 2021 டிசம்பர் 31-உடன் நின்றுபோனது. அந்த வேலையை வேறொன்றில் மாற்றி எழுதிக் கொடுத்தபோது முழுக் கூலி கேட்க எனக்கு முகமில்லை. ஆகவே வருடத்தைக் குறித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும், அது நானாகவே இருந்தாலும், கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

சரி, இந்த முறை எங்கிருந்து வந்தது? பக்கத்தை ரீலோடு செய்யாமல் சர்வரோடு பேச உதவும் எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட் என்ற கருவி, மைக்ரோசாஃப்டில் அவுட்லுக்கின் வலை வடிவத்துக்காகப் பிறந்தது. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வெளியே வந்தது. ஐந்து வருடம் அதை அதிகம் பேர் சீண்டவில்லை. 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்த பிறகுதான் எல்லாருக்கும் கண் திறந்தது. அதே பிப்ரவரியில் 'ஏஜாக்ஸ்' என்ற பெயரும் கிடைத்தது. இந்த மூன்று உதாரணங்களிலும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். இரண்டு மின்னஞ்சல், ஒன்று வரைபடம். காலையில் திறந்தால் மாலை வரை மூடாமல் வைத்திருப்பது மின்னஞ்சல். கையால் இழுத்து இழுத்துப் பார்ப்பது வரைபடம். ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கம் முழுவதும் புதிதாக வந்தால் மனிதன் பைத்தியமாகிவிடுவான். அங்கே இந்த முறை தேவையிலிருந்து பிறந்தது. அப்புறம் அதே முறையைச் செய்தித் தளத்துக்கும், நிறுவன அறிமுகப் பக்கத்துக்கும், நான்கு கட்டம் உள்ள விண்ணப்பப் படிவத்துக்கும் தூக்கிக்கொண்டு போனோம். மிகை ஆரவாரம் என்று யாராவது சொன்னால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். தொழில்நுட்பத்தில் கோளாறு இல்லை. அதை எல்லாவற்றுக்கும் இயல்பான தேர்வாக ஆக்கியதில்தான் கோளாறு.

அப்படி ஆக்கியதற்கு நாம் கொடுக்கும் விலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு கட்டுரைப் பக்கத்தைச் சர்வரே எச்டிஎம்எல்லாக அனுப்பினால், முதல் துண்டு வந்து சேர்ந்ததுமே பிரவுசர் வரையத் தொடங்கிவிடும். மீதி வந்துகொண்டிருக்கும்போதே தலைப்பைப் படித்துவிடலாம். பிரவுசர்கள் இருபத்தைந்து வருடமாக இந்த ஒரு வேலையைப் பட்டை தீட்டி வைத்திருக்கின்றன. அதே பக்கம் வழக்கமான எஸ்பிஏவாக இருந்தால் முதலில் வருவது கிட்டத்தட்ட காலியான ஒரு கோப்பு: 'ரூட்' என்று பெயரிட்ட வெற்று டிவ் (எச்டிஎம்எல் பெட்டி) ஒன்று, கீழே ஒரு ஸ்கிரிப்ட் வரி. திரை வெள்ளையாக நிற்கும். ஸ்கிரிப்ட் இறங்க வேண்டும். இறங்கியதைப் பிரவுசர் பிரித்துப் படிக்க வேண்டும். படித்ததை ஓட்ட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகுதான் அது "கட்டுரை எங்கே?" என்று சர்வரைக் கேட்கும். சர்வர் அதை ஜேசனாக, அதாவது வெறும் தரவாக, கொடுக்கும். அதுவரை ஒரு ஸ்பின்னர் சுற்றும். கடைசியில் வந்து சேருவது அதே தலைப்பு, அதே நான்கு பத்தி. டெவலப்பரின் புது லேப்டாப்பில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். விலை குறைந்த, மூன்று வருடம் பழைய ஃபோனில் இறக்குவதைவிடப் பிரித்து ஓட்டுவதற்கே அதிக நேரம் போகும். அந்த ஃபோனை நம்மில் யாரும் மேஜையில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், பேக் பட்டன். நீண்ட பட்டியலில் நாற்பதாவது வரி வரை இறங்கி, ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, பின்னால் வருகிறீர்கள். சாதாரணப் பக்கமாக இருந்தால் பிரவுசர் உங்களை விட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். அதற்காக யாரும் ஒரு வரி கோட் எழுதவில்லை. எஸ்பிஏவில் அந்தப் பட்டியலை நீங்களே நினைவில் வைக்க வேண்டும், எத்தனை வரி ஏற்றினோம் என்று வைக்க வேண்டும், திரை எங்கே நின்றது என்று வைக்க வேண்டும், படங்கள் வந்து உயரம் நிலைத்த பிறகு அந்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பயனர் மறுபடி பட்டியலின் உச்சிக்குப் போய்விடுவார். இந்த ஒரு பிழைக்காக மட்டும் நான் செலவழித்த வார இறுதிகளை எண்ணிப் பார்க்க விருப்பமில்லை. சும்மா கிடைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதையே கூலி கொடுத்துத் திரும்பக் கட்டும் வேலை இது.

இந்தக் குறைகளெல்லாம் இன்று நேற்று தெரிந்தவையா என்றால் இல்லை. ட்விட்டர் 2010-இல் தன் தளத்தைப் பிரவுசரிலேயே ரெண்டர் ஆகும்படி, அதாவது பக்கம் அங்கேயே உருவாகும்படி, மாற்றியது. முகவரிகளில் ஹாஷ் குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து வந்த காலம் அது. 2012 மே மாதம் அதே ட்விட்டர், ரெண்டர் வேலையைச் சர்வருக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டதாகவும், முதல் பக்கம் லோடாகும் நேரம் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகவும் எழுதியது. கதை முடிந்தது என்றுதான் அன்று நினைத்தோம். ஒரே வருடத்தில் ரியாக்ட் வந்தது, அலை பத்து மடங்கு பெரிதாக எழுந்தது. 2019 ஜூலையில் ட்விட்டரின் கணினித் தளமே ரியாக்டில் எழுதிய எஸ்பிஏவாகத் திரும்பி வந்தது. ஒரே நிறுவனம் போய், வந்து, மறுபடி போயிருக்கிறது. நோயைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை, நாள் குறிப்பது வேறு வித்தை. முதலாவது தெரிந்தவர்கள் இரண்டாவதும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதால்தான் நம் துறையில் இத்தனை ஆருடங்கள் பொய்க்கின்றன.

அப்படியானால் எதை வைத்துச் சரிவைக் கணிப்பது? வலைத் தொழில்நுட்பங்கள் வீழ்ந்த விதங்களைப் பார்த்தால் இரண்டு வகை தெரிகிறது. முதல் வகையில் வாசலில் ஒரு காவல்காரர் இருப்பார். அவர் கதவைச் சாத்தினால் கதை முடிந்தது. ஃப்ளாஷ், அசைபடங்களை ஓட்டுவதற்காகப் பிரவுசரில் தனியாகச் சேர்க்கும் ஒரு பிளக்-இன். ஐஃபோன் அதை உள்ளே விடவே இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் காரணங்களை எழுதி வெளியிட்டார். 2017 ஜூலையில் அடோபியே முடிவை அறிவித்தது, 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. சாவு நிச்சயம் என்று பலருக்கும் தெரிந்த பிறகும் பத்து வருடம் ஆனது என்பதைக் கவனிக்க வேண்டும். கைபேசியில் வேகமாகத் திறப்பதற்காகக் கூகுள் முன்வைத்த பக்க வடிவமான ஏஎம்பி இன்னும் தெளிவான உதாரணம். கைபேசியில் கூகுள் தேடலின் முக்கியச் செய்திகள் வரிசையில் இடம்பிடிக்கத்தான் பெரும்பாலான செய்தித் தளங்கள் அதை எடுத்துக்கொண்டன. 2021-இல் அந்த நிபந்தனை போனதும் அதைக் கட்டிக்கொண்டு அழ யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

இரண்டாம் வகைக்கு, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதை எளிதாக்கிய ஜேகுவெரி லைப்ரரிதான் நல்ல உதாரணம். 2006-இல் வந்தது. யாரும் அதற்குக் கதவைச் சாத்தவில்லை. அது கற்றுக்கொடுத்ததைப் பிரவுசர்களே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டன: சிஎஸ்எஸ் செலக்டரால் உறுப்புகளைத் தேடுவது, கிளாஸைச் சேர்த்து நீக்குவது, சர்வரிலிருந்து தரவை வாங்குவது எல்லாம். புதிய வேலைகளுக்கு அதை எடுப்பவர்கள் குறைந்தார்கள். ஆனால் உலகத்தின் பெரும்பாலான தளங்களில் அது இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எஸ்பிஏ எந்த வகை? சந்தேகமில்லாமல் இரண்டாவது. அது பிளக்-இன் கிடையாது, யாருடைய அனுமதியிலும் ஓடவில்லை. பிரவுசருக்குள் ஓடும் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் அது, பழைய தளங்களை உடைக்கக் கூடாது என்பது பிரவுசர் செய்பவர்களின் எழுதாத சத்தியம். ஆகவே எஸ்பிஏவை யாரும் கொல்ல முடியாது. சுருங்க மட்டுமே முடியும். நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இது.

உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டாவது, அந்தச் சுருக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. எதிர்ப்பவர்கள் எழுதுவதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் 2011-இலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆதரிப்பவர்கள் தாங்கள் தூக்கிப் போட்டதையே திரும்ப எடுத்து வருகிறார்களா என்று பார்ப்பதுதான் என் வழி. 2016 அக்டோபரில் நெக்ஸ்ட் ஜேஎஸ் வந்தது. ரியாக்டைச் சர்வரில் ரெண்டர் செய்வதே அதன் முக்கியச் சரக்கு. 2020 டிசம்பரில் ரியாக்ட் குழுவே, திரையின் சில துண்டுகளைச் சர்வரிலேயே ஓட்டும் சர்வர் காம்போனென்ட் யோசனையை முன்வைத்தது. சுத்தமான எஸ்பிஏ எழுத எல்லாரும் கைவைத்த கிரியேட் ரியாக்ட் ஆப் கருவி 2025 பிப்ரவரியில் அதிகாரப்பூர்வமாகக் கைவிடப்பட்டது. இடையில் ஹைட்ரேஷன் என்றொரு வைத்தியமும் வந்தது. சர்வர் முழுப் பக்கத்தையும் எச்டிஎம்எல்லாக அனுப்பும். கூடவே அதே தரவை ஜேசனாகவும், அதே பக்கத்தை வரையத் தெரிந்த ஸ்கிரிப்டையும் அனுப்பும். பிரவுசர் முதலில் படத்தைக் காட்டிவிட்டு, பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டுப் பட்டன்களுக்கு உயிர் கொடுக்கும். நடுவில் நீங்கள் பட்டனை அழுத்தினால் பக்கம் தயார் போலத் தெரியும், ஆனால் ஒன்றும் நடக்காது. கட்டுரை இரண்டு முறை வந்தது, வேலை இரண்டு முறை நடந்தது. வைத்தியத்துக்கு வைத்தியம் தேவைப்படும் நிலை வந்தால், இயல்பான தேர்வு என்ற பட்டம் கை நழுவுகிறது என்று அர்த்தம்.

மறுபக்கம் பிரவுசர்கள் சும்மா இல்லை. எஸ்பிஏவுக்காகச் சொல்லப்பட்ட பெரிய காரணம், பக்கம் மாறும்போது வரும் வெள்ளை மினுக்கல். மறுபடி போகும் பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே எடுத்துக்காட்டும் பேக்-ஃபார்வர்ட் கேஷ் இப்போது முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பக்கங்களுக்கு நடுவே அசைவூட்டம் தரும் வியூ டிரான்சிஷன் வசதி 2023 மார்ச்சில் குரோம் 111-இல் ஒரே பக்கத்துக்குள் வேலை செய்யும்படி வந்தது. 2024 ஜூனில் குரோம் 126-இல் தனித்தனிப் பக்கங்களுக்கு நடுவிலும் வேலை செய்யத் தொடங்கியது. அதாவது, சிஎஸ்எஸ்ஸில் இரண்டு மூன்று வரி எழுதினால், பழைய பாணித் தளமே வழுக்கிக்கொண்டு பக்கம் மாறும். ஜேகுவெரிக்கு நடந்தது இதுதான். அத்தோடு 2020 கடைசியில் எச்டிஎம்எக்ஸ் 1.0, ஹாட்வயர் என்று சர்வரிலிருந்தே எச்டிஎம்எல் துண்டுகளை வாங்கி ஒட்டும் கருவிகள் வந்தன. 2021 டிசம்பரில், தளங்களைச் சர்வரில் கட்ட உதவும் ரெயில்ஸின் 7-ஆம் பதிப்பு ஹாட்வயரையே இயல்பான வழியாக வைத்தது.

இனி சந்தேகமான பகுதி. வேகத்தை அளக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல்களைக் காட்டி, எஸ்பிஏ தோற்றுவிட்டது என்பவர்கள் உண்டு. முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி நொடிக்குள் திரை பதில் சொல்ல வேண்டும் என்பவை நல்ல அளவுகோல்கள்தான். ஆனால் எஸ்பிஏக்காரர்களின் குறையில் நியாயம் உண்டு. 2.5 நொடிக் கணக்கு முதல் லோடுக்குத்தான் ஓடும். உள்ளே போன பிறகு பத்துப் பக்கம் சட்டென்று மாறினால் அதற்குப் பெரிய மதிப்பெண் இல்லை. பாதிப் பந்தயத்தை மட்டும் அளந்துவிட்டு யார் ஜெயித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்ப்பாளர்கள் பேசாமல் தாண்டிப்போகும் இன்னொன்று, வேலைப் பங்கீடு. ஒரு நிறுவனத்துக்குக் கைபேசிச் செயலியும் இருந்தால், அதற்குத் தரவு கொடுக்கும் ஏபிஐ எப்படியும் எழுதத்தான் வேண்டும். அதன் மேல் வலைத்தளத்தை இன்னொரு வாடிக்கையாளராக உட்காரவைப்பது மேலாளருக்கு எளிது. முன்பக்கக் குழு தனியாக, பின்பக்கக் குழு தனியாக, யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். எஸ்பிஏ இத்தனை வருடம் நின்றதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. பைட் கணக்கும் நொடிக் கணக்கும் காட்டி இதை அசைக்க முடியாது. போதாக்குறைக்கு, இன்று கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகளிடம் ஒரு பக்கம் கேட்டால் பெரும்பாலும் ரியாக்டில்தான் நீட்டுகின்றன. அவை படித்து வளர்ந்த குவியலில் அதுதான் அதிகம். இது எஸ்பிஏவின் ஆயுளை நீட்டுமா, அல்லது எதில் எழுதினோம் என்பதே முக்கியமில்லாமல் ஆக்கிவிடுமா என்பதில் ஒவ்வொரு மாதமும் என் எண்ணம் மாறுகிறது. அதன் இடத்தைச் சர்வர் காம்போனென்ட் பிடிக்கும் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. எந்த வரி எங்கே ஓடுகிறது என்று அனுபவசாலிகளே விரல் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மிகை ஆரவாரமாக அதுவே இருக்கலாம்.

உங்கள் இரண்டு வருடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே பெரிய ஆபத்து இல்லை. திரையைத் துண்டுகளாகப் பிரித்து யோசிப்பது, தரவு மாறினால் திரை தானாக மாற வேண்டும் என்று எழுதுவது, இரண்டும் எங்கே போனாலும் உதவும். ரௌட்டர் லைப்ரரியின் பெயரும் ஸ்டேட் லைப்ரரியின் பெயரும் போய்விடும், போகட்டும். குறை ஒன்று இருக்கக்கூடும். ரியாக்ட் வழியாகவே வலையைக் கற்றவர்கள் பலருக்கு, ஒரு ஃபார்ம் ஸ்கிரிப்ட் இல்லாமலே சர்வருக்குப் போகும் என்பது புதுச் செய்தி. எச்டிடிபி தலைப்புகள், குக்கீ, கேஷ், ஃபார்ம் ஆகியவற்றை ஒரு மாதம் வெறுங்கையால் பழகிப் பாருங்கள்.

சரி, அந்தக் கூட்டம். "எஸ்பிஏ சாகப் போகிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி ஆரம்பித்து, ஐந்தே நிமிடத்தில் பழைய பஞ்சாங்கம் என்று பெயர் வாங்கினேன். ஆருடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கேள்விகளோடு போங்கள். உங்கள் பயனர் ஒரு வருகையில் எத்தனை பக்கம் பார்க்கிறார்? ஒன்றிரண்டு என்றால் முதல் லோடுக்குக் கொடுக்கும் விலை திரும்பி வராது. முப்பது நாற்பது என்றால் எஸ்பிஏ பக்கம் நியாயம் இருக்கிறது, நீங்களே மனம் மாறலாம். உண்மையிலேயே இழுத்து, வைத்து, உடனுக்குடன் மாறும் திரைகள் எத்தனை? என் அனுபவத்தில் ஐம்பது திரை உள்ள தளத்தில் அவை மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றை மட்டும் ரியாக்டில் எழுதிப் பழைய பக்கங்களுக்குள் பொருத்தலாம். யாருடைய மானமும் போகாது. அப்புறம், இல்லாத முகவரிக்கு 404 ('பக்கம் இல்லை') யார் அனுப்புவது என்று கேளுங்கள். எல்லா முகவரிக்கும் அதே காலி டிவ்வை 200 ('எல்லாம் சரி') என்று அனுப்பும் தளங்களை நிறையப் பார்த்துவிட்டேன். தேடுபொறிக்கு அங்கே எது உயிருள்ள பக்கம், எது செத்த பக்கம் என்று தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றுவது என்று முடிவானால், சண்டை போட வேண்டாம். ஆனால் வேலை தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, பழைய ஃபோன் ஒன்றைத் தேடிப்பிடித்து, இப்போதுள்ள தளத்தில் அதிகம் பேர் திறக்கும் ஐந்து பக்கங்களை அளந்துவிடுங்கள்: எத்தனை கிலோபைட் இறங்கியது, முதல் வரி எப்போது தெரிந்தது, பட்டன் எப்போது வேலை செய்தது. தேதி போட்டு எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். புதிய தளம் வெளியான மறுவாரம் யாராவது "முன்னைவிட வேகமா, மெதுவா?" என்று கேட்பார்கள். அதற்குள் பழையதைச் சர்வரிலிருந்து எடுத்திருப்பார்கள்.